ஒரே வகுப்புக்கு இரண்டு தரம் போன கதை

எங்கள் ஓய்வூதியர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கிணறுகளுக்குக் குளோரின் போட்டது, பேக்கரியில் பிடிபட்ட புழு மாவை மண்ணெண்ணெய் ஊற்றி அழித்தது, டெங்கு நுளம்பின் குடம்பிப் புழு தேடி வளவு வளவாய்த் திரிந்தது எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். நானும் அதெல்லாம் செய்தவன்தான். எனக்கென்று எழுதுவதற்கு ஒன்றே ஒன்று இருந்தது. அதை எழுத வெட்கமாக இருந்தபடியால் பேசாமல் இருந்துவிட்டேன்.

போன மாதம் எங்கள் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், ஊர் வாயில் பி.எச்.ஐ., என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும். பத்தாம் ஆண்டுப் பொடியன்களுக்கு இனப்பெருக்கச் சுகாதாரம் பற்றி அவர் வகுப்பு எடுக்க வேண்டுமாம். பாடசாலை அதிபர் ஒழுக்கத்தைப் பற்றி மட்டும் கதைத்தால் போதும், மற்றதெல்லாம் கலியாணம் முடித்த பிறகு தானாகத் தெரியவரும் என்கிறாராம். இதைப் பாடமாக வைப்பதா வேண்டாமா என்று பேப்பரிலும் கைபேசியிலும் ஆளுக்காள் சண்டை பிடிக்கிறார்கள் என்றும் சொன்னார். பிறகு, "ஐயா, உங்கடை காலத்திலை நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டார்.

நான் தேத்தண்ணியைக் குடிக்கச் சொன்னேன். வேறு என்னவோ கதைத்து அனுப்பிவிட்டேன். அவர் படலையைச் சாத்திக்கொண்டு போன பிறகு, கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் விட்டது நெஞ்சை அரித்தது. அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்லன். உயர்தரப் பரீட்சையில் இரண்டாம் தரம் எழுதித்தான் ஒருமாதிரிச் சித்தியடைந்தேன். பயிற்சி எடுத்து, வேலைக்கு வந்து, யுத்தத்தில் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, முப்பத்து மூன்று வருடம் ஒரே வேலை. வீட்டில் நாங்கள் பரம்பரையாகச் சைவம். வெள்ளி, செவ்வாய், சஷ்டி, பிரதோஷம் எல்லாம் விரதம் பிடிக்கிற ஆள் நான். இன்றைக்கும் திருநீறு பூசாமல் படலை தாண்டமாட்டேன்.

கடைசிப் பத்து வருடமும் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் ஒரு பெண் வைத்தியர். நாங்கள் "டொக்டர்" என்றே கூப்பிடுவோம். சின்ன உருவம். குரல் உயர்த்தத் தெரியாது. பிழை விட்டால் ஏசமாட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, நாங்களாகச் சொல்லுமட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். அதைவிட ஏச்சு வாங்கலாம் என்றிருக்கும். அவரும் கோவிலுக்குப் போகிறவர்தான். ஆனால் நுளம்பு, குடம்பி என்று சொல்லும் அதே குரலில்தான் விந்து, மாதவிடாய் என்றும் சொல்லுவார். நாங்கள் அந்தச் சொற்கள் வரும்போது நிலத்தைப் பார்ப்போம்.

பாடசாலை வகுப்புகளுக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். பெண்பிள்ளைகளோடு ஓர் அறையில் மருத்துவமாது கதைப்பார். பொடியன்களோடு மற்ற அறையில் நான் கதைக்க வேண்டும். டொக்டர் பொடியன்களுக்குப் பின்னால் கடைசி வாங்கில் வந்து இருப்பார். முதலில் எல்லோருக்கும் ஒரே அளவில் வெட்டிய கடதாசித் துண்டு கொடுக்க வேண்டும். பேனை கூடாது, மையைப் பார்த்து ஆளைப் பிடித்துவிடுவார்கள். அலுவலகத்திலிருந்தே பென்சில் கொண்டுபோவோம். ஐந்து நிமிடம் எல்லோரும் எழுத வேண்டும். கேள்வி இல்லாதவன் காலைச் சாப்பாடு என்ன என்று எழுதலாம், பூப்படம் கீறலாம். ஆனால் ஒருவனும் எழுதாமல் இருக்கக்கூடாது. அப்போதுதான் கேட்டவன் யார், கீறினவன் யார் என்று தெரியாது. துண்டை இரண்டாக மடித்து, பிறகும் இரண்டாக மடித்து, பிஸ்கட் தகரத்துக்குள் போட வேண்டும்.

எழுதியிருக்கிறதை எழுதியிருக்கிறபடியே வாசிக்க வேண்டும் என்பது அடுத்த கட்டளை. சொல்லை மாற்றக்கூடாது. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, கேட்டுவந்து சொல்ல வேண்டும். இன்னொன்றும் சொல்லித் தந்திருந்தார். வாசித்து முடித்தவுடன் வகுப்பைப் பார்க்கக்கூடாது. "எழுதின பிள்ளை, என்னைத்தான் பாக்கிறார் எண்டு நினைச்சிடும். கரும்பலகையைப் பாருங்கோ, இல்லாட்டில் கூரையைப் பாருங்கோ" என்பார்.

ஏன் இவ்வளவு பாடு என்று ஒருநாள் கேட்டேன். பெண்பிள்ளை சாமத்தியப்பட்டால் ஊரைக் கூட்டித் தண்ணீர் வார்க்கிறோம், வீடியோ எடுக்கிறோம், பலகாரம் சுடுகிறோம். விளக்கம் சொல்கிறோமோ இல்லையோ, அவளுக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று ஊருக்காவது தெரியும். பொடியனுக்குக் குரல் மாறினால் பகிடி பண்ணுகிறதைத் தவிர யார் என்ன சொல்கிறோம், அவன் தனியாக நிற்கிறான் என்றார். எனக்கு அது அப்போது பெரிதாகப் படவில்லை. நானும் அப்படித்தானே வளர்ந்தேன், கெட்டா போனேன் என்று நினைத்தேன்.

இராணுவம் பிடித்து வைத்திருந்த கடற்கரை ஊரான மயிலிட்டியில் சனத்தைத் திரும்பக் குடியிருக்க விட்டுக் கொஞ்சக் காலம். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கனபேர் படித்த ஒரு பாடசாலையில் வகுப்பு வைத்திருந்தோம். டொக்டருக்கு அந்தக் கிழமை கொழும்பில் பயிற்சி. வகுப்பை வேறு நாளுக்கு மாற்றுவோமா என்று கேட்டேன். "ஏன் மாத்துவான், நீங்கள் செய்வியள்தானே" என்றுவிட்டுப் போனார்.

அதிபர் என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர், கோவில் தர்மகர்த்தா சபையிலும் இருந்தவர். "சேர், உங்களைப்போல சைவாசாரமான ஆள் வந்தது எங்கடை புண்ணியம். ஒழுக்கத்தைப் பற்றிச் சொல்லுங்கோ. காணும்" என்றார். எனக்கு மனம் குளிர்ந்தது. உண்மையைச் சொன்னால், டொக்டர் இல்லாத ஒரு வகுப்பை நான் கனகாலமாக ஆசைப்பட்டிருந்தேன்.

துண்டுகளைப் பொடியன்களிடம் எழுதி வாங்கினேன். இடைவேளையில் ஆசிரியர் அறையில் இருந்து தகரத்தைத் திறந்தேன். முறைப்படி வகுப்பில் வைத்துத்தான் திறக்க வேண்டும். வாசிக்க வாசிக்க எனக்குக் காது சுட்டது. கழுவாத சொற்கள். பதினொரு துண்டைத் தனியாக எடுத்து ஒரு கடித உறைக்குள் வைத்துவிட்டேன். எறிய மனம் வரவில்லை. எழுதின கடதாசியை எறிந்தால் சரஸ்வதி குற்றம் என்று அம்மா வளர்த்த வளர்ப்பு.

மிச்சத்தில் ஒரு துண்டு மரியாதையாக எழுதியிருந்தது. "நித்திரையில் தானாகப் போனால் அதுவும் பாவமா? எப்படி நிற்பாட்டுவது?"

இடைவேளை முடிந்து போய் அதை வாசித்தேன். பிறகு என்ரை பாட்டில் சொன்னேன். என்னைச் சின்ன வயதில் கோவில் மடத்தில் இருத்தி ஒரு பெரியவர் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு துளி விந்து அறுபது துளி இரத்தத்துக்குச் சமன். அதை விடுகிறவனுக்குக் கண் மங்கும், படிப்பு ஏறாது, நெஞ்சு காயும். விடிய எழும்பிக் குளிர்தண்ணியிலை தோயுங்கோ. மீன், முட்டை, வெங்காயம் உடம்பைச் சூடாக்கும், தள்ளி வையுங்கோ. மனம் சுத்தமாக இருந்தால் நித்திரையிலும் வராது. வந்தால் உள்ளே அழுக்கு இருக்கென்று அர்த்தம்.

அரைவாசிப் பேர் கடற்தொழில் செய்கிற வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்குப் போய் மீனைத் தள்ளிவை என்று சொன்னேன். அப்போது அது பிழையாகவே தெரியவில்லை.

முப்பது பொடியன்கள் அசையாமல் இருந்தார்கள். அதிபர் யன்னலால் பார்த்துச் சந்தோஷப்பட்டு, உளுந்து வடையும் தேத்தண்ணியும் தந்து அனுப்பினார். வீட்டுக்கு வந்து மனைவிக்குச் சொன்னேன், இண்டைக்குத்தான் ஒரு வகுப்பு ஒழுங்காய் எடுத்தனான் என்று. பொடியன்கள் கனபேர் வெளியே போய் என்னைப்போல் கதைத்துக் காட்டிச் சிரித்தார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். நல்லகாலம், சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. சொன்னதை நம்பின பிள்ளைதான் அடிபட்டான்.

இரண்டு மாதம் போயிருக்கும். காலைப் பிரார்த்தனையில் தேவாரம் பாடிக்கொண்டிருந்த பொடியன் ஒருவன் மயங்கி விழுந்துவிட்டான் என்று பாடசாலையிலிருந்து அறிவித்தார்கள். டொக்டரும் நானும் போனோம். அவனைக் கேதீஸ் என்று வைத்துக்கொள்வோம். மயிலிட்டிப் பொடியன், பதினைந்து வயது. நல்ல குரல், ஆசிரியர்கள் எல்லோருக்கும் செல்லம்.

நிறுக்கிறது என் வேலை. தராசில் ஏற்றினேன். வருடத் தொடக்கத்தில் நானே எழுதிய சுகாதார அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஏழு கிலோ குறைவு. தராசு பிழையோ என்று நான் ஏறி நின்று பார்த்தேன். தராசு சரி. கண்ணுக்குக் கீழே கரி பூசினதுபோல் இருந்தது. டொக்டர் நெஞ்சு பார்த்தார், கண் பார்த்தார், இரத்தம் எடுக்க எழுதினார். கேட்டதற்கெல்லாம் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றான். டொக்டர் என்னைப் பார்த்தார். "உங்களோடை கதைப்பான். நீங்கள்தானே வகுப்பு எடுத்தனீங்கள்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

நூலக அறை. நானும் அவனும் மட்டும். என்ன தம்பி செய்யுது என்று கேட்டேன். மேசையைப் பார்த்தபடி சொன்னான்.

"சேர், நீங்கள் சொன்ன எல்லாம் செய்யிறன். விடிய நாலு மணிக்குத் தோயிறன். மீன், முட்டை விட்டிட்டன். பின்னேரத்துக்குப் பிறகு தண்ணியும் குடிக்கிறேல்லை. நித்திரை கொண்டாத்தானே எண்டு கதிரையிலை இருந்து படிக்கிறன். அப்பிடியும் நிக்கேல்லை சேர். எனக்கு உள்ளுக்கை எவ்வளவு அழுக்கு இருக்கோ தெரியாது."

அவன் இன்னும் ஒன்று கேட்டான்.

"அறுபது அறுபதாப் போனா, எனக்கு இனி எவ்வளவு இரத்தம் மிச்சமிருக்கும் சேர்?"

இதைக் கேட்ட அந்த நிமிடமே நான் சொல்லியிருக்க வேண்டும், நான் சொன்னது பிழை என்று. மூன்று சொல். சொல்ல முடியவில்லை. வெள்ளைச் சேட்டும் திருநீறுமாக, சேர் சேர் என்று கூப்பிடுகிற பிள்ளைக்கு முன்னால், அரசாங்க உத்தியோகத்தன் ஒருவனுக்கு அந்த மூன்று சொல் வராது. வீட்டை போய் வடிவாச் சாப்பிடு, எல்லாம் சரிவரும் என்று தோளில் தட்டி அனுப்பினேன். அவன் "ஓம் சேர்" என்று எழும்பிப் போனான். வாசலைத் தாண்டும்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றுவிட்டுப் போனான்.

அலுவலகத்துக்கு வந்ததும் டொக்டரின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எடுத்து வைச்ச துண்டுகள் எங்கை?" என்று மட்டும் கேட்டார்.

என் மேசை லாச்சிக்குள் இருந்தது. கொண்டுவந்து கொடுத்தேன். ஒவ்வொன்றாக விரித்து, எழுதியிருந்தபடியே, எனக்கு முன்னால் சத்தமாக வாசித்தார். நான் காது சுட எடுத்து ஒளித்த சொற்கள் அவர் வாயில் வேறுமாதிரிக் கேட்டன. பயந்த பிள்ளை பேசுகிற பேச்சாகக் கேட்டன. பதினொன்றையும் வாசித்துவிட்டு ஏழைத் தனியாக அடுக்கினார்.

"இந்த ஏழும் ஒரே கேள்வி. நீங்கள் மரியாதையான துண்டு எண்டு வாசிச்ச அதே கேள்விதான். அதோடை எட்டுப் பிள்ளையள். இதுக்கு ஒரு வசனம் காணும். வளருற உடம்பு தன்ரை வேலையைச் செய்யுது, வருத்தமும் இல்லை, பாவமும் இல்லை. அவ்வளவுதான்."

நான் ஒழுக்கம் என்று ஏதோ முனகினேன்.

"ஒழுக்கத்தை வேண்டாமெண்டு நான் எப்ப சொன்னனான்? எனக்கும் இரண்டு பிள்ளையள். ஆனா உடம்பு என்ன எண்டு சொல்லாம ஒழுக்கத்தை மட்டும் சொன்னா, பிள்ளை தன்ரை உடம்பையே குற்றம் எண்டு நினைக்கும். திரும்பிப் போய் அதே வகுப்பிலை பிழை எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ. நான் வரமாட்டன். நான் வந்தா, நான் சொல்லித்தான் சொல்லுறியள் எண்டு போகும்."

அதிபரைச் சம்மதிக்கவைப்பது லேசாக இருக்கவில்லை. நீங்களே சொன்னதை நீங்களே மாற்றினால் நாளைக்கு நான் சொல்கிறதை இவங்கள் எப்படி நம்புவாங்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். டொக்டர் தொலைபேசியில் கதைத்தார். என்ன கதைத்தாரோ தெரியாது. கதவைச் சாத்திவிட்டு அரைமணித்தியாலம் எடுங்கோ என்று அதிபர் விட்டார். இதற்கே மூன்று நாள் போய்விட்டது.

கந்தசஷ்டி ஆறு நாளும் தண்ணீர்கூடக் குடியாமல் நின்றவன், அந்த வகுப்பின் வாசற்படி ஏறத் தென்பில்லாமல் நின்றேன். பதினொரு துண்டையும் மேசையில் வைத்தேன்.

"போனமுறை இதுகளை நான் ஒளிச்சனான். அது பிழை. நான் சொன்னதும் பிழை. ஒரு துளிக்கு அறுபது துளி இரத்தம் எண்டது பொய். எனக்கு ஒராள் சொன்னவர், நான் விசாரியாமல் உங்களுக்குச் சொல்லிப்போட்டன்" என்றேன்.

பிறகு ஒவ்வொன்றாக எழுதியிருந்தபடி வாசித்தேன். வாசித்துக் கரும்பலகையைப் பார்த்தேன். பதில் சொன்னேன். குரல் மாறுவது, முகப்பரு, நித்திரையில் நடப்பது எல்லாம் இந்த வயதில் எல்லா ஆண்பிள்ளைக்கும் வருகிறது, உங்கள் தகப்பனுக்கும் வந்தது, எனக்கும் வந்தது என்றேன். எனக்கும் என்றதும் எங்கேயோ ஒருவன் கிளுக்கென்று சிரித்தான். மற்ற விஷயங்களையும் சொன்னேன்: ஒரு பெண்பிள்ளையின் சம்மதம், நோய்கள், பிள்ளை எப்படி உண்டாகிறது, யாராவது பெரிய ஆள் பிழையாகத் தொட்டால் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும். பொறுத்திருப்பது நல்லது என்றும் சொன்னேன். அதை நான் இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அன்றைக்கு அதைச் சொன்னபோது பயங்காட்டுவதற்காகச் சொல்லவில்லை.

முடிக்கும்போது கடைசி வாங்கிலிருந்து ஒருவன் எழும்பினான். முகத்தில் முழுக்கப் பகிடி.

"அப்ப சேர், மீன் சாப்பிடலாமோ?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். சாப்பிடடா, வடிவாச் சாப்பிடு என்று சொல்லிவிட்டு, கேதீஸ் சிரிக்கிறானா என்று பார்த்தேன். டொக்டர் சொல்லித் தந்ததை மறந்து ஆளைத் தேடினேன். அவன் இருக்கவில்லை. மயங்கி விழுந்த நாளுக்குப் பிறகு பாடசாலைக்கே வரவில்லை என்றார்கள். யாருக்காகப் போனேனோ அவன் அங்கே இல்லை.

அடுத்தநாள் வெள்ளிக்கிழமை. விரதத்தோடு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மயிலிட்டிக்குப் போனேன். வீட்டில் தாய் இருந்தா. பிள்ளை சாமி பக்தியாய் மாறிவிட்டான் என்று தான் முதலில் சந்தோஷப்பட்டதாகவும், பிறகு பரியாரியிடம் காட்டி லேகியம் கொடுத்ததாகவும், இப்போது படிப்பும் வேண்டாம் என்று தகப்பனோடு துறையில் போய் இருக்கிறான் என்றும் அழுதா.

துறைமுகத்தில் தகப்பன் வலைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். வெயிலில் கறுத்த, வாட்டசாட்டமான மனிதர். நான் இன்னார் என்றதும் கையை நிற்பாட்டவில்லை.

"ஓ, நீங்கள்தானோ குருக்கள்? உங்கடை சீஷன் அந்தா அந்த வள்ளத்துக்கு அங்காலை தவம் இருக்கிறார். போய்ப் பாருங்கோ" என்றார்.

நான் நின்றேன். அவர் வலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சேர், நீங்கள் சைவம். அது உங்களுக்குச் சரி. நாங்களும் சாமி கும்பிடுற ஆக்கள்தான். முருகன் எங்களைக் கடலிலை விட்டுத்தான் வளத்திருக்கிறார். இரண்டு மாசமா நான் கொண்டுவாறதை உவன் சாப்பாட்டுக் கோப்பையிலை ஒதுக்கி வைக்கிறான். மீன் எண்டாப் பறவாயில்லை சேர். என்னை ஒதுக்கிற மாதிரிக் கிடக்கு."

வகுப்பில் நான் யாரைக் குத்தியிருக்கிறேன் என்று அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்க வந்தனான் என்று சொன்னேன். அவர் கை அப்போதுதான் நின்றது.

கேதீஸ் வள்ளத்து நிழலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தான். நான் பக்கத்தில் மணலில் இருந்தேன். அவன் எழும்பப் பார்த்தான், இருக்கச் சொன்னேன். வகுப்பில் சொன்னதெல்லாம் மறந்துபோயிற்று. "தம்பி, நான் உனக்குச் சொன்னது பிழை" என்றேன். அழுக்கு இல்லை, பாவம் இல்லை, இரத்தம் ஒன்றும் குறையவில்லை, நீ நல்ல பிள்ளை என்றேன்.

அவன் கடலைப் பார்த்தபடி கேட்டான்.

"அப்ப ஏன் சேர் அண்டைக்கு அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"எனக்கும் அப்பிடித்தான் சொல்லித் தந்தவை."

திரும்பி என் முகத்தைப் பார்த்தான்.

"அப்ப நீங்களும் நித்திரை கொள்ளாம இருந்தனீங்களோ?"

ஐம்பத்தெட்டு வயதில் என்னிடம் ஒருவரும் கேட்காத கேள்வி. என் தாய் கேட்கவில்லை. மனைவிக்கும் நான் சொன்னதில்லை. பதினாறு வயதில் ஒரு மழைகாலம் முழுக்க, இரவிரவாகக் குளிர்ந்த சீமெந்து நிலத்தில் முழந்தாளில் இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். அதற்குப் பிறகு அந்தப் பயம் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். போகவில்லை, அதைத்தான் வகுப்பில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

"ஓம்" என்றேன். "இருந்தனான்."

அவன் மெல்லக் கையை எடுத்து என் கையின் மேல் வைத்தான். அந்தப் பிள்ளை என்னை ஆற்றினான்.

மத்தியானம் தாய் சாப்பாடு கொண்டுவந்தா. புட்டும் விளைமீன் சொதியும். தகப்பனும் வந்து இருந்தார். எனக்கு இரண்டு வாழைப்பழத்தை நீட்டி, "சேருக்கு இதுதான், பயப்பிடாதேங்கோ" என்று பகிடி விட்டார். கேதீஸின் கோப்பையில் புட்டு மட்டும் இருந்தது. அவன் சட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். போட்டுச் சாப்பிடு என்று வாயால் சொன்னால் காணாது என்று எனக்குப் பட்டது. மீன் சந்தையில் செவிளைத் தூக்கிப் பழுதோ என்று பார்த்த கைதான் இது. ஆனால் ஒருவர் கோப்பையில் மீன் பரிமாறினதில்லை. அகப்பையை வாங்கி, நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து, சொதியோடு அவன் கோப்பையில் விட்டேன்.

சாப்பிட்டான். தகப்பன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டாம் தரமும் போட்டேன்; அதையும் சாப்பிட்டான். கையைக் கழுவிவிட்டு வந்து, வலைக்குவியலில் சாய்ந்தவன் அப்படியே நித்திரையாகிவிட்டான். பட்டப்பகல். மோட்டார் இரைச்சல், ஏலம் கூறுகிற சத்தம், காகம் எல்லாம் இருந்தன. அவன் அசையவில்லை. வாய் திறந்தபடி, சின்னப் பிள்ளைபோல நித்திரை. அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. வெயில் திரும்பி அவன் காலுக்கு வர, தகப்பன் ஒரு சாக்கைக் கட்டி மறைத்துவிட்டார். பொழுது சாயும்வரை நாங்கள் இருவரும் அவனுக்கு இரண்டு பக்கமும் இருந்தோம்.

பாடசாலைக்குத் திரும்பி வந்தான். அடுத்த தவணையில் நிறுத்துப் பார்த்தபோது நாலு கிலோ கூடியிருந்தது. அட்டையில் எழுதிவிட்டு டொக்டரிடம் காட்டினேன். பார்த்துத் தலையாட்டினார், அவ்வளவுதான். நான் ஓய்வுபெற்ற பிறகு அவரும் மாற்றலாகிப் போய், ஓய்வுபெற்று, போன வருடம் காலமாகிவிட்டார். அவர் கடைசி வாங்கில் இருக்க நான் எடுத்த வகுப்புகளை நினைத்தால் இப்போதும் அந்த வாங்குக்கு ஏங்குகிறேன். என்ன சொல்லிப் பிழைவிட்டாலும் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார் என்ற தென்பு அது.

கேதீஸ் சாதாரணதரப் பரீட்சையில் சித்தியடைந்தான். அதற்குப் பிறகு தாய்மாமன் கூப்பிட்டு வெளிநாடு போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். போகும்போது சொல்ல வரவில்லை; வரவேண்டும் என்று என்ன இருக்கிறது. தாயும் தகப்பனும் மகளோடு திருகோணமலைப் பக்கம் போய்விட்டார்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது. இரண்டு மூன்று பேரிடம் தொலைபேசி இலக்கம் கேட்டுப் பார்த்தேன். கிடைத்த இலக்கம் வேலை செய்யவில்லை.

இப்போது அவனுக்கு இருபத்துமூன்று, இருபத்துநாலு இருக்கும். திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்து தங்கச் சங்கிலியும் பட்டு வேட்டியுமாக நிற்கிற பொடியன்களின் முகத்தை நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மனைவி பேசுவா, ஆரைப் பாக்கிறியள், ஆக்கள் என்ன நினைப்பினம் என்று. அவனைக் கண்டால் ஒரு விஷயம் அறிய வேண்டும். முதலில் சொன்ன சொல் ஆழமாகப் போகும். பிறகு திருத்திச் சொன்னது அவ்வளவு தூரம் போகுமோ தெரியாது. என்னை நினைக்கும்போது அவனுக்கு வகுப்பில் நின்ற ஆள் ஞாபகம் வருகிறானா, மணலில் இருந்த ஆள் ஞாபகம் வருகிறானா? பனி நாட்டில் தனி அறையில் அவன் பயமில்லாமல் நித்திரை கொள்கிறானா? கேட்க எனக்கு ஆசை. கேட்கிற உரிமை இருக்கிறதோ தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் அர்ச்சனை செய்யும்போது பிள்ளைகள், பேரப்பிள்ளைகளின் பெயரோடு அவன் பெயரையும் சொல்கிறேன். முதல்தரம் ஐயர் நட்சத்திரம் கேட்டார். தெரியாது என்றேன். ஆர், சொந்தமோ என்றார்.

"இல்லை ஐயா. எனக்கு ஒரு உறவுமுறையும் இல்லை. பேரை மட்டும் சொல்லுங்கோ."

இப்போது அவர் கேட்பதில்லை. எங்கள் வீட்டாரின் பெயரும் நட்சத்திரமும் எல்லாம் சொல்லி முடிந்ததும், கொஞ்சம் நிற்பாட்டி, அந்த ஒரு பெயரை நட்சத்திரம் இல்லாமல் சொல்லிப் பூவைப் போடுகிறார்.